மன்றம் இல்லாத படங்கள்: பழைய காதல் காமெடிகளைச் சிலர் தேடித் தேடிச் சேர்ப்பது ஏன்?

பழங்காநத்தத்திலோ டிவிஎஸ் நகரிலோ வீடு காலி செய்யும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். டிவி ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே தூசி படிந்த விசிடிகளும் டிவிடிகளும். 2007-ல் மோசர் பேயர் நிறுவனம் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று இறக்கிவிட்டதே, அந்தக் காலத்தில் அப்பா ஆசை ஆசையாக வாங்கி அடுக்கியது. இப்போது வீட்டில் பிளேயர் கிடையாது. லேப்டாப்பில் டிஸ்க் போடும் தட்டும் கிடையாது. “காயலான் கடையில போட்டுரலாமா?” என்பதுதான் அடுத்த கேள்வி.

போடலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒருமுறை பெட்டியைக் கிளறிப் பாருங்கள். ‘கர்ணன்’, ‘நாடோடி மன்னன்’ இருந்தால் கவலையே இல்லை, அந்தப் படங்களைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ‘மிஸ்ஸியம்மா’, ‘அடுத்த வீட்டுப் பெண்’, ‘சபாபதி’ மாதிரி ஏதாவது கிடைத்தால் அதைக் கொஞ்சம் தனியாக எடுத்து வையுங்கள். பழைய படம் சேர்ப்பவர்கள் கண்ணில் பட்டால் விட மாட்டார்கள்.

ஏன் குறிப்பாகக் காதல் காமெடி? புராணம் இருக்கிறது, சரித்திரம் இருக்கிறது, கண்ணீரைப் பிழியும் குடும்பப் படங்கள் இருக்கின்றன. அதையெல்லாம் விட்டுவிட்டு, ஒருவனும் ஒருத்தியும் இரண்டு மணி நேரம் சண்டை போட்டுக் கடைசியில் கல்யாணம் செய்துகொள்ளும் படத்துக்கு இவ்வளவு மவுசு எதற்கு? இது நம்ம ஊர் விசித்திரம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1930, 40-களின் காதல் காமெடிகளுக்கென்றே தனிச் சேகரிப்பாளர் கூட்டம் உண்டு. அங்கிருந்தே தொடங்கினால் நம்ம கதையும் எளிதாகப் புரியும்.

ஒரு போர்வை போட்ட பாதை

1934 பிப்ரவரியில் கொலம்பியா நிறுவனம் ‘இட் ஹேப்பண்ட் ஒன் நைட்’ என்ற படத்தை வெளியிட்டது. இயக்கம் பிராங்க் காப்ரா. அப்பாவோடு கோபித்துக்கொண்டு ஓடிவரும் பணக்காரப் பெண் கிளாடெட் கோல்பெர்ட். வேலை போன பத்திரிகை நிருபர் கிளார்க் கேபிள். இருவரும் ஒரே பஸ்ஸில் மாட்டிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் கதை. அந்தப் படம் சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என ஆஸ்கரின் ஐந்து முக்கிய விருதுகளையும் வாரிக்கொண்டு போனது. மறுபடி ஒரு படம் அந்த ஐந்தையும் சேர்த்து வாங்குவதற்கு 40 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அதில் ஒரு காட்சி. காசு குறைவு, ஒரே அறை, இருவரும் கணவன் மனைவி இல்லை. கேபிள் அறையின் குறுக்கே கயிறு கட்டி அதில் ஒரு போர்வையைத் தொங்கவிடுகிறார். இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். படத்தின் மொத்தக் காதலும் அந்தப் போர்வையின் இரு பக்கத்திலும் நடக்கும் பேச்சில்தான் இருக்கிறது.

இதே 1934-ன் நடுவில் ஹாலிவுட் தனக்குத் தானே போட்டுக்கொண்ட ஒழுக்க விதிகள் கறாராக அமலுக்கு வந்தன. எதைக் காட்டலாம், எவ்வளவு நேரம் காட்டலாம் என்று வரிசையாகக் கட்டுப்பாடு. கட்டிலில் இருக்க வேண்டிய நெருக்கத்தைக் காட்ட முடியாத கதாசிரியர்கள் அதை வசனத்துக்குள் கொண்டுபோனார்கள். காதலர்கள் முத்தம் கொடுப்பதற்குப் பதிலாக வாய்ச்சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையின் வேகத்தை வைத்தே இவர்களுக்குள் என்ன நடக்கிறது என்று கொட்டகையில் இருப்பவர்களுக்குப் புரிந்தது. இந்த வகைக்கு ‘ஸ்க்ரூபால்’ காமெடி என்று பெயர். பேஸ்பால் ஆட்டத்தில் எதிர்பாராத பக்கம் திரும்பும் பந்துக்கு வைத்த பெயர் அது. நம்ம கிரிக்கெட் பாஷையில் கூக்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தணிக்கையைத் திட்டுவது நம் எல்லோருக்கும் பழக்கம். ஆனாலும் இந்த ஒரு வகையைப் பொறுத்தவரை அந்தக் கட்டுப்பாடு கதாசிரியர்களின் மூளையைக் கூராக்கியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு, அது வயிற்றுப்பாடு. 1929 பங்குச்சந்தைச் சரிவுக்குப் பிறகு அமெரிக்காவில் வேலை இல்லை. டிக்கெட் வாங்கிய ஜனங்களுக்குப் பணக்காரர்கள் கோமாளிகளாவதைப் பார்ப்பதில் ஒரு நிம்மதி. ‘மை மேன் காட்ஃப்ரே’ (1936) படத்தில் குப்பைமேட்டில் குடியிருந்தவன் ஒரு பணக்காரக் குடும்பத்துக்குச் சமையற்கட்டு முதல் வரவேற்பறை வரை எல்லாம் பார்க்கும் பட்லராக வருகிறான். அந்த வீட்டிலேயே புத்தியுள்ள ஒரே ஆள் அவன்தான். இதையெல்லாம் சும்மா சிரிப்புப் படம் என்று தள்ளிவிட முடியாது.

கெட்ட பிரதி ஆயிரம், நல்ல பிரதி எங்கே?

சேகரிப்பாளர்கள் இதற்குள் எப்படி வந்தார்கள்? ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கிய ‘பிரிங்கிங் அப் பேபி’ (1938) வந்த காலத்தில் வசூலில் சறுக்கியது. கேரி கிரான்ட், கேத்தரின் ஹெப்பர்ன், கூடவே ஒரு சிறுத்தை. அந்த ஆண்டே தியேட்டர் உரிமையாளர்கள் ஹெப்பர்னை ‘வசூலுக்கு விஷம்’ என்று பட்டியல் போட்டார்கள். பின்னாளில் டிவியிலும் பழைய படங்களை ஓட்டும் சிறு தியேட்டர்களிலும் பார்த்தவர்கள்தான் அதைக் காப்பாற்றினார்கள். 1990-ல் அமெரிக்கா தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அதைச் சேர்த்தது. இடையில் 52 ஆண்டுகள்.

அதே ஹாக்ஸின் ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’ (1940) கதை இன்னும் சுவாரசியம். மூல நாடகத்தில் இரண்டு ஆண்கள், ஒருவர் பத்திரிகை ஆசிரியர், ஒருவர் நிருபர். ஹாக்ஸ் நிருபரைப் பெண்ணாக மாற்றி, அவளை ஆசிரியரின் முன்னாள் மனைவியாகவும் ஆக்கிவிட்டார். ஒருவர் பேசி முடிப்பதற்குள் அடுத்தவர் தொடங்கிவிடுவார். நிமிடத்துக்குச் சுமார் 240 சொற்கள் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. முதல் தடவையில் பாதி ஜோக் காதில் விழாது. இரண்டாம் தடவை இன்னும் கொஞ்சம். ஒரே படத்தைச் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ள இதைவிடக் காரணம் வேண்டுமா? சஸ்பென்ஸ் படத்தில் கொலைகாரன் யார் என்று தெரிந்ததும் பாதி வேலை முடிந்தது. காதல் காமெடியில் முடிவு போஸ்டரிலேயே தெரியும். அதனால் பார்க்கிறவருக்கு முடிவில் ஆர்வம் இல்லை, போகும் வழியில்தான் ஆர்வம்.

28 ஆண்டுகள் கழித்து அந்தப் படத்தின் காப்புரிமையை யாரும் புதுப்பிக்கவில்லை. படம் பொதுச்சொத்து ஆகிவிட்டது. யார் வேண்டுமானாலும் நகல் எடுத்து விற்கலாம் என்றதும் மங்கலான, கீறல் விழுந்த, ஒலி கொரகொரக்கும் நகல்கள் குவிந்தன. எங்கு பார்த்தாலும் படம் கிடைக்கிறது, ஆனால் பார்க்கிற மாதிரி ஒன்றும் கிடைக்கவில்லை. நல்ல பிரதி யாரிடம் இருக்கிறது என்று தேடும் பழக்கம் இங்கேதான் வேர்விடுகிறது. நம்ம யூடியூபில் பழைய தமிழ்ப்படம் தேடியவர்களுக்கு இந்த நிலைமையை விளக்க வேண்டியதில்லை.

ரீகலில் ஆங்கிலம், ஏவி.எம்-மில் இந்தி

மதுரைக்காரர்களுக்கு ஹாலிவுட்டின் வாசல் என்றால் ரீகல்தான். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், விக்டோரியா எட்வர்டு மன்றக் கட்டடம். பகலில் வாசகசாலை, பொழுது சாய்ந்ததும் இங்கிலீஷ் படம். பேப்பர் படிக்கிறவர்கள் எழுந்து போன இடத்தில் படம் பார்க்கிறவர்கள் வந்து உட்கார்வார்கள். தென் மாவட்டங்களிலிருந்து படிக்க வந்த இரண்டு மூன்று தலைமுறைக் கல்லூரிப் பையன்கள் அங்கேதான் வெளிநாட்டுப் படம் பழகினார்கள். முழு இங்கிலீஷும் புரிந்ததா என்று கேட்காதீர்கள். புரியாமலே சிரிக்க வைத்தது என்பதுதான் அந்த நடிகர்களின் கெட்டிக்காரத்தனம்.

ரீகலுக்குப் போகாதவர்களுக்கும் அந்தக் கதைகள் வேறு வழியில் வந்து சேர்ந்தன. போர்வை கட்டிய அந்தப் படத்தைச் சென்னை ஏவி.எம். நிறுவனம் 1956-ல் ராஜ் கபூர், நர்கிஸை வைத்து ‘சோரி சோரி’ என்று இந்தியில் எடுத்தது. ராக் ஹட்சன் நடித்த ‘கம் செப்டம்பர்’ (1961) படத்தின் முடிச்சை எடுத்துக்கொண்டு அதே ஏவி.எம். 1966 பொங்கலுக்குத் தந்ததுதான் எம்.ஜி.ஆர், சரோஜாதேவியின் ‘அன்பே வா’. தன் சொந்த பங்களாவுக்குள் தானே வாடகைக்காரனாகத் தங்கும் முதலாளி. 1994-ல் வந்த ‘மே மாதம்’ படத்தில் ஆட்ரி ஹெப்பர்னின் ‘ரோமன் ஹாலிடே’ (1953) வாசனை தூக்கலாக அடிக்கும். நேரில் பார்க்காமல் கடிதத்திலேயே காதலிப்பவர்கள் ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் எரிந்துவிழுவது லூபிட்ச் இயக்கிய ‘தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்’ (1940). ‘காதல் கோட்டை’ (1996) பார்த்தவர்களுக்கு அது தூரத்துச் சொந்தம் மாதிரி தெரியும். இரண்டின் கதையும் வேறு வேறு, ஆனாலும் பார்க்கிற நமக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியவில்லையே என்ற தவிப்பு ஒன்றுதான்.

எல்லாமே ஹாலிவுட்டிலிருந்து வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நம்ம காதல் காமெடியின் பெரிய ஊற்று நாடக மேடையும் வங்காளமும்.

கல்யாணம் ஆனவர்களுக்கு மட்டும் வேலை

‘சபாபதி’யை எடுத்துக்கொள்ளுங்கள். 1941 டிசம்பரில், யுத்த பயத்தில் சென்னை நடுங்கத் தொடங்கிய சமயத்தில் வந்த படம். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். முழி பிதுங்கும் டி.ஆர்.ராமச்சந்திரன் அசட்டு ஜமீன் வாரிசாகவும், காளி என்.ரத்தினம் அவரைவிட அசட்டு வேலைக்காரனாகவும் வருவார்கள். எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். இன்றைக்குப் போட்டாலும் சிரிப்பு வரும்.

ஆனால் என் ஓட்டு ‘மிஸ்ஸியம்மா’வுக்கு. விஜயா நிறுவனத் தயாரிப்பு, எல்.வி.பிரசாத் இயக்கம், 1955 பொங்கல். தெலுங்கில் ‘மிஸ்ஸம்மா’ என்ற பெயரில் என்.டி.ராமராவ் நடிக்க, தமிழில் ஜெமினி கணேசன். இரண்டிலும் சாவித்திரி. ‘மான்மயி கேர்ள்ஸ் ஸ்கூல்’ என்ற வங்காளக் கதைதான் மூலம். சாவித்திரி செய்த வேடத்துக்கு முதலில் ஒப்பந்தமானவர் பானுமதி. அவர் விலகியதால் தங்கை வேடத்துக்கு வந்திருந்த சாவித்திரி மேலே ஏற, தங்கை வேடம் ஜமுனாவுக்குப் போனது.

படித்துவிட்டு வேலை இல்லாத இருவர். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை காலி, ஆனால் கணவனும் மனைவியுமாகத்தான் எடுப்பார்கள். அவர் இந்து, அவள் கிறிஸ்தவப் பெண் மேரி. வேலைக்காகத் தம்பதி போல நடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். அமெரிக்கப் படத்தில் ஒரு ராத்திரிக்குக் கட்டிய போர்வையை இந்தப் படம் மாதக்கணக்கில் கட்டி வைக்கிறது. ஊரார் பார்க்கும்போது மனைவி, கதவைச் சாத்தினால் அந்நியப் பெண். வீட்டுக்காரர் குங்குமம் வைக்கச் சொன்னால் மேரிக்கு வரும் எரிச்சலை சாவித்திரி பேசாமல் முகத்திலேயே காட்டுவார். வேலையில்லாத் திண்டாட்டமும் மதமும் கல்யாணமும் ஒரே வீட்டுக்குள் மோதும் கதையை அழாமல், பிரசங்கம் செய்யாமல் சொன்ன படம். கடைசியில் அந்தப் பெண் பிறப்பால் யார் என்று ஒரு முடிச்சை அவிழ்த்து எல்லோரையும் நிம்மதியாக்கி அனுப்புகிறது. அந்த இடத்தில் படம் கொஞ்சம் பயந்துவிட்டது என்றே சொல்வேன். அதுவரை வந்த தூரம் சாதாரணமில்லை.

1960-ல் வந்த ‘அடுத்த வீட்டுப் பெண்’ணும் வங்காளத்தில் பிறந்ததுதான். பாடத் தெரியாத நாயகன், பக்கத்து வீட்டு அஞ்சலிதேவியை மயக்க நண்பனைப் பின்னால் பாடவிட்டு வாயசைப்பான். இந்தியில் இதே கதை ‘படோசன்’ (1968) என்று வந்து காவியம் ஆகிவிட்டது. அதைப் பார்த்த தமிழ் இளைஞர்களில் எத்தனை பேர் தமிழில் அதற்கு எட்டு வருடம் முந்திய படத்தைப் பார்த்திருப்பார்கள்?

அப்புறம் ‘காதலிக்க நேரமில்லை’. 1964 பிப்ரவரி, ஸ்ரீதரின் சித்ராலயா தயாரிப்பு, ஸ்ரீதரோடு சேர்ந்து கதை பின்னியவர் கோபு. ஈஸ்ட்மன் கலர். பெரிய நட்சத்திரத்தை நம்பாமல் ரவிச்சந்திரன், காஞ்சனா என்று புதுமுகங்களை இறக்கிய தைரியம். படம் எடுக்காமலே ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ முதலாளியாகத் திரியும் நாகேஷ், அப்பா பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியை உங்கள் போனில் மீமாகவாவது பார்த்திருப்பீர்கள்.

துண்டு பிழைத்தது, படம்?

இப்போதுதான் சிக்கலுக்கு வருகிறோம். அந்த ஒரு காட்சியைப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கில். அந்தக் காட்சி வரும் முழுப்படத்தைப் பார்த்தவர்கள்?

தமிழ்ப்படத்தில் காமெடி பெரும்பாலும் தனி டிராக். கதாநாயகன் ஒரு பக்கம், நகைச்சுவை நடிகர் ஒரு பக்கம். அதை வெட்டி எடுத்து டிவியில் அரை மணி நேரம் போட்டாலும் குறையாது, கதைக்கும் சேதமில்லை. காதல் காமெடி அப்படியில்லை. அங்கே கதையே காமெடி. மேரி பத்தாவது நிமிடத்தில் சொன்ன பொய்தான் நூறாவது நிமிடத்தில் சிரிப்பாக வெடிக்கிறது. நடுவில் வெட்டினால் இரண்டு துண்டுமே செத்துப்போகும். டிவி சேனல்களும் ரீல்ஸும் நம் பழைய சினிமாவைத் துண்டாக்கித்தான் காப்பாற்றி வைத்திருக்கின்றன. அந்த முறைக்கு அடங்காத வகை இது. சேகரிப்பாளர்கள் முழுப்பிரதிக்கு அலைவதன் முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணத்தை மதுரைக்காரர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும். ‘நாடோடி மன்னன்’ வெற்றி விழாவைக் கொண்டாடிய ஊர், 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகளோடு தங்கம் தியேட்டரைக் கட்டி 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யைத் திரையிட்ட ஊர் இது. ‘சிந்தாமணி’ (1937) ஓடிய ஓட்டத்தில் வந்த லாபத்தில் தியேட்டரே கட்டி அதற்கு அந்தப் படத்தின் பெயரையே வைத்த ஊர். இங்கே ஒரு பழைய எம்.ஜி.ஆர், சிவாஜி படம் திரும்ப வந்தால் மாலை, சூடம், பேனர் என்று மன்றத்தார் வந்துவிடுவார்கள். 2012 மார்ச்சில் ‘கர்ணன்’ டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு வந்து ஓடியதும், அடுத்தடுத்து ‘பாசமலர்’, ‘ஆயிரத்தில் ஒருவன்’, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ என்று வரிசை கட்டியதும் அந்தக் கூட்டத்தை நம்பித்தான். புதுப்பிக்கப் பணம் போடுகிறவர் முதலில் பார்ப்பது இதைத்தான்: வருவதற்கு ஆள் இருக்கிறதா?

டி.ஆர்.ராமச்சந்திரனுக்கு மன்றம் ஏது? காளி என்.ரத்தினத்துக்குக் கட்-அவுட் வைக்க யார் இருக்கிறார்கள்? ‘அன்பே வா’வும் காதல் காமெடிதான், ஆனால் அதில் எம்.ஜி.ஆர். இருக்கிறார், பின்னால் ஏவி.எம். இருக்கிறது, அது பத்திரமாகப் பிழைத்துக்கொண்டது. மற்றவற்றுக்கு வீட்டு அலமாரியில் டிஸ்க் அடுக்கி வைத்திருக்கும் நாலு பேர்தான் மன்றம்.

காதல் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க ஆள் வராது என்று சொல்லவும் முடியாது. சென்னை அண்ணா நகர் மாலில் மறுவெளியீடாகப் போட்ட ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ 1,000 நாட்களைத் தாண்டி ஓடியது. அந்தப் படம் 2010-ஐச் சேர்ந்தது, திரையிடத் தகுந்த பிரதி கையில் இருந்தது. 1955-க்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பிலிம் எங்கே போனது?

கணக்கு இது. 35 எம்.எம். பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படம் 13,500 அடி. ஆயிரம் அடிக்கு ஒரு டின் என்றால் 14 டின். ஒரு படத்துக்கு ஒரு பிரோ வேண்டும், ஏசி வேண்டும், வாடகை வேண்டும். படம் ஓடி முடிந்த பிறகு யார் கட்டுவார்? நெகட்டிவை லேபிலேயே விட்டுப்போன தயாரிப்பாளர்கள் அநேகம். 1950-களின் தொடக்கம் வரை இருந்த நைட்ரேட் பிலிம் சுலபமாகத் தீப்பிடிக்கும். 2003 ஜனவரியில் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் நடந்த தீ விபத்தில் நைட்ரேட் படச்சுருள்கள் பெருமளவு எரிந்தன. பிறகு வந்த அசிடேட் பிலிம் அவ்வளவு சுலபமாக எரியாது, ஆனால் நம்ம வெயிலிலும் ஈரத்திலும் வினிகர் வாசனை அடித்து, சுருங்கி, நொறுங்கும். கறுப்பு வெள்ளை பிலிமில் வெள்ளி இருக்கிறது என்பதற்காகவே கரைத்தவையும் உண்டு.

மிச்சம் வந்தது எங்கே போனது தெரியுமா? பெட்டிக்கடைக்கு. துண்டு துண்டாக வெட்டிய பிலிமைக் காசுக்கு வாங்கி, ஃபியூஸ் போன பல்பில் தண்ணீர் நிரப்பி லென்ஸாக்கி, கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, வேட்டியில் ‘படம் காட்டிய’ பையன்கள் நம் ஊரில் இரண்டு தலைமுறை உண்டு. தமிழ்நாட்டின் முதல் பிலிம் சேகரிப்பாளர்கள் அவர்கள்தான். அந்தச் சந்தோஷத்துக்காக ஒரு முழுப்படம் வெட்டுப்பட்டிருக்கிறது என்பது அந்த வயதில் யாருக்குத் தெரியும்?

தென்னிந்தியாவில் தயாரான ஊமைப்படங்களில் மிஞ்சியது ‘மார்த்தாண்ட வர்மா’ மட்டும். முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) பிரதி இல்லை. அதில் யார் நடித்தார்கள் என்பதாவது நமக்குத் தெரிவதற்குக் காரணம், பாட்டுப்புத்தகம், நோட்டீஸ், ஸ்டில் என்று சேர்த்து வைத்தவர்கள். அவர்களில் பெரியவர் பிலிம் நியூஸ் ஆனந்தன். 1931 முதல் வந்த தமிழ்ப்படங்களின் பட்டியலையும் படங்களையும் தனி ஆளாகச் சேர்த்தார். கடைசியில் அந்தச் சேகரிப்பைத் தமிழக அரசே வாங்கிக்கொண்டது. 2016-ல் அவர் காலமானார். தொகுக்கும் வேலையைக் காப்பகம் செய்யும் என்று அவர் காத்திருந்திருந்தால் நமக்குப் பாதி விவரம் கிடைத்திருக்காது.

போனில் பார்ப்பது அந்தப் படம்தானா?

“எல்லாம் யூடியூப்ல இருக்கே, எதுக்கு டிஸ்க்?” நியாயமான கேள்வி. இருக்கிறது, ஆனால் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

பழைய படத்தின் சட்டம் கிட்டத்தட்டச் சதுரம். உங்கள் போன் அகலம். திரையை நிரப்ப வேண்டும் என்று மேலும் கீழும் வெட்டினால் படத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு போய்விடும். சண்டைக்காட்சியில் இது பரவாயில்லை. நாகேஷ் மாதிரி உடம்பு முழுக்க நடிக்கிறவரின் காலை வெட்டிவிட்டால் அப்புறம் என்ன மிச்சம்? வெட்டாமல் இழுத்து நிரப்பினால் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள்.

வேகம் இன்னும் நுட்பமான விஷயம். சினிமா நொடிக்கு 24 சட்டம். நம்ம ஊர் டிவி, விசிடி முறை நொடிக்கு 25. அப்படியே ஓட்டிப் பதிவு செய்த பிரதியில் படம் நாலு சதவீதம் வேகமாக ஓடும். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும், குரல் லேசாகக் கீச்சென்று இருக்கும். ஒரு வசனத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் பாலையா விடும் அரை நொடி மௌனத்தில் சிரிப்பு உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுருக்கினால் தெரியாது என்பார்கள். எதனால் சிரிப்பு வரவில்லை என்றும் தெரியாது.

இதோடு பாட்டு வெட்டு, நடுவில் லோகோ, ஒலியில் இரைச்சல். சேகரிப்பாளர்கள் ஒரே படத்தின் மூன்று பிரதியை ஏன் வைத்திருக்கிறார்கள் என்பதற்குப் பதில் இதுதான்: ஒன்றில் படம் தெளிவு, ஒன்றில் ஒலி தெளிவு, மூன்றாவதில் மற்ற இரண்டிலும் இல்லாத பாட்டு இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் திரைப்படத்தின் காப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். அந்தக் கணக்கில் ‘மிஸ்ஸியம்மா’வின் காலம் 2015 கடைசியிலேயே முடிந்தது. ‘காதலிக்க நேரமில்லை’ 2025 ஜனவரி 1 முதல் பொதுச்சொத்து. அமெரிக்காவில் இது 95 ஆண்டு என்பதால் போர்வை கட்டிய படத்துக்கு 2030 வரை பொறுக்க வேண்டும்.

அவசரப்பட்டு அப்லோட் பண்ணிவிடாதீர்கள். பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் உரிமைக்குத் தனிக் கணக்கு, அவர்கள் மறைந்த பிறகு 60 ஆண்டு. ‘காதலிக்க நேரமில்லை’க்குப் பாட்டெழுதிய கண்ணதாசன் மறைந்தது 1981. எனவே படத்துக்குப் பூட்டு திறந்தாலும் உள்ளே இருக்கும் பாட்டின் பூட்டு யாரிடம் என்ற கேள்வி எழும். யாராவது செலவு செய்து புதுப்பித்த புதுப் பிரதியை எடுத்துப் போட்டாலும் சிக்கல் வரலாம். வீட்டில் வைத்திருக்கும் ஒரிஜினல் டிஸ்க்கைப் பார்ப்பதற்கு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

உரிமை விடுபட்டதில் ஒரு நன்மை இருக்கிறது: புதுப்பிக்க நினைக்கும் ஒருவர் அனுமதிக்காக அலைய வேண்டிய வாசல்கள் குறையும். ஒரு தீமையும் இருக்கிறது: நான் பணம் போட்டுத் துடைத்த படத்தை நாளைக்கே வேறொருவர் விற்றால் நான் ஏன் துடைக்க வேண்டும்? ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’க்கு நடந்தது நினைவிருக்கிறதல்லவா. மத்திய அரசின் தேசியத் திரைப்பட மரபு இயக்கம் 597 கோடி ரூபாய் திட்டம். 2022-ல் படங்களைப் புதுப்பிக்க மட்டும் 363 கோடி என்று அறிவித்தார்கள். இந்தியாவின் எல்லா மொழிக்கும் சேர்த்து 2,200 படங்கள். அந்த வரிசையில் விருது வாங்கிய படம், மேதை எடுத்த படம் எல்லாம் முன்னால் நிற்கும். சிரிக்க வைத்த படத்துக்கு எங்கே இடம் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சரி, அந்த அட்டைப்பெட்டியை என்ன செய்வது?

டிஸ்க்கை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடியுங்கள். ஊசித்துளை மாதிரி வெளிச்சம் தெரிந்தால் பளபளப்புப் பூச்சு உதிரத் தொடங்கிவிட்டது, அதை முதலில் பிரதி எடுக்க வேண்டும். தெரியாவிட்டால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்கக் கூடாது. ஆயிரம் ரூபாய்க்கும் ஒன்றரை ஆயிரத்துக்கும் இடையில் யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் கிடைக்கிறது. பழைய படங்கள் பலவும் இரண்டு மூன்று விசிடிகளில் வந்தவை. ஒன்று மட்டும் தனியாக இருந்தால் மற்றது வேறு கவரில் மாறிப் போயிருக்கும், அதையும் தேடுங்கள். அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், எந்த நிறுவனம் எந்த ஆண்டு வெளியிட்டது என்பது அதில்தான் இருக்கும். வீடியோ கேசட் இருந்தால் இன்னும் அவசரம், மதுரை மழைக்காலத்தில் டேப்பில் பூஞ்சை பிடிக்க ஒரு வருஷம் போதும். பூஞ்சை பிடித்ததைப் பிளேயரில் போட்டால் பிளேயர் ஹெட்டும் கெடும், அடுத்து போடும் கேசட்டும் கெடும்.

அம்மாவோ பாட்டியோ வீட்டில் இருந்தால் அவர்களையும் கூட உட்கார வைத்து ‘மிஸ்ஸியம்மா’வைப் போட்டுப் பாருங்கள். உங்கள் பிரதியில் எந்தப் பாட்டு காணோம் என்பதை அவர்கள் சொல்லிவிடுவார்கள்.